உறைபனியே இல்லாத கடலோரத் தோட்டம்: தக்காளி பூக்கிறது, காய் பிடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

புதுப்பாத்தி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம் போட்டிருக்கிறேன். கடல் நடந்து போகிற தூரம்தான். இங்கே உறைபனி விழுவதில்லை, கொளுத்தும் வெயிலும் கிடையாது. கோடையிலேயே பகலில் 20, 21 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். ராத்திரி 11, 12க்கு இறங்கிவிடும். குளிர்காலத்து ராத்திரிகளில் 7, 8. கோடையில் காலை பத்து பதினொரு மணி வரை மூடுபனி. அது விலகியதும் சாயங்காலம் வரை கடல்காற்று. மண் முழுக்க மணல்.

இவ்வளவு இதமான இடத்தில் எதை வைத்தாலும் வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தக்காளிச் செடி என் தோள் உயரம் நிற்கிறது, இலையெல்லாம் கரும்பச்சை, கொத்துக் கொத்தாய்ப் பூ. ஆனால் பூக்காம்பின் நடுவில் ஒரு கணு மாதிரி இருக்கிறதே, அந்த இடத்தில் மஞ்சளாகிப் பூ அப்படியே கழன்று விழுகிறது. வெண்டை நாலு இலை விட்டதோடு நின்றுவிட்டது. கத்தரி பூக்கவே இல்லை. சுக்கினி காய்க்கிறது, ஆனால் இலைமேல் வெள்ளைப் பொடி. பீன்ஸ் இலைகளின் ஓரம் காய்ந்து பழுப்பாகிறது, கடலைப் பார்த்த பக்கம் இன்னும் மோசம். நாங்கள் குடிவருவதற்கு முன்பே யாரோ வைத்த ஆப்பிள் மரம் ஒன்று இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும், காய்த்துப் பார்த்ததில்லை.

உரம் போதவில்லையா? பசுமைக்குடில் போட்டால்தான் முடியுமா? ரெண்டு மூன்று பழமரமும் வைக்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நத்தைவேட்டை:

வெண்டை நின்றுபோனதற்குக் குளிர்தான் காரணமாக இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு தடவை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூடுபனி உள்ள ஊரில் நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் வருஷம் முழுக்கக் கொண்டாட்டம். உறைபனி வந்து அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதும் இல்லை. குருத்து அரித்த மாதிரி இருந்து, பக்கத்தில் பளபளவென்று காய்ந்த கோடு தெரிந்தால் அதுதான். கையால் பொறுக்குவதுதான் முதல் வைத்தியம். அதோடு இரும்பு ஃபாஸ்பேட் குருணையைத் தூவலாம். நாற்று நட்ட அன்றைக்கே தூவிவிடுங்கள், இலை போன பிறகு தூவிப் பயனில்லை. பாத்திக்குத் தண்ணீரைச் சாயங்காலம் விடாமல் காலையில் விட்டால் ராத்திரி மண் மேல்பாகம் காய்ந்திருக்கும், அதுவும் உதவும்.

கடலோரக்கீரை:

புதுப்பாத்தி, உரத்தை நிறுத்துங்கள். இலை கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறது என்றால் தழைச்சத்து தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் செடிகளுக்குப் பசியில்லை, குளிர்கிறது. நமக்கு இதமாகத் தெரிகிற 20 டிகிரி வெண்டைக்கும் கத்தரிக்கும் குளிர்தான். நானும் இதே மாதிரி ஒரு கடலோரத்தில் பல வருஷமாகப் பயிர் வைக்கிறவள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. தக்காளி 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வளராது. அதனால் ஒரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைச் சராசரி எடுத்து, அதிலிருந்து 10ஐக் கழித்தால் அன்றைக்குச் செடிக்கு உதவிய வெப்பம் எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். பகல் 20, இரவு 12 என்றால் சராசரி 16. மிச்சம் நிற்பது 6. கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்தில் பகல் 30, இரவு 20 என்று வையுங்கள். சராசரி 25, மிச்சம் 15. அங்கே ஒரு நாளில் சேர்கிற வெப்பம் உங்களிடம் சேர ரெண்டரை நாள் ஆகிறது. விதைப் பொட்டலத்தில் 80 நாள் என்று போட்டிருந்தால் இந்தக் கணக்குப்படி உங்களுக்கு 200 நாள். பெரிய காய் ரகங்கள் கடலோரத்தில் காயாகவே நின்று பருவம் முடிந்துபோவது இதனால்தான்.

பூ உதிர்வதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியில் மகரந்தம் சரியாக உருவாகாது. உருவான கொஞ்ச மகரந்தமும் மூடுபனி ஈரத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், உதிராது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தை ஒரு மஞ்சள் கூம்புக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அதை உலுக்கினால்தான் வெளியே வரும். வண்டுத்தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரிக்கிறது பாருங்கள், அந்த அதிர்வு போதும். சாதாரணத் தேனீக்கு அது வராது. அதனால் நானே செய்கிறேன். மூடுபனி விலகி, இலைமேல் ஈரம் காய்ந்து, உச்சி வெயில் வந்த பிறகு போய்ப் பூக்கொத்தின் தண்டை, பூவை இல்லை, தண்டை, விரல் நகத்தால் ரெண்டு தட்டு தட்டுவேன். நேரம் சரியாக இருந்தால் வெயிலுக்கு எதிராகப் பார்க்கும்போது மெல்லிசாக மஞ்சள் தூள் பறப்பது தெரியும். தெரியவில்லை என்றால் இன்னும் ஈரமாக இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். காலை எட்டு மணிக்கு நின்று தட்டிக்கொண்டிருப்பது வீண்.

ரகத்தையும் மாற்றுங்கள். செர்ரித் தக்காளியில் எதை வைத்தாலும் உங்களிடம் பழுக்கும், அதில் தொடங்குங்கள். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் செக் நாட்டு ரகமான ‘ஸ்டுபிட்சே’ குளிரைத் தாங்கும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகெட் என்பவர் குளிர்ந்த கோடைக்கென்றே ‘ஒரிகன் ஸ்பிரிங்’, ‘சைலட்ஸ்’ என்று ரகங்களை உருவாக்கினார். மகரந்தம் சேராவிட்டாலும் இவை காய் பிடிக்கும். முதலில் வரும் பழங்களில் விதையே இருக்காது. உங்கள் தொல்லைக்கு நேரான தீர்வு இந்த மாதிரி ரகம்தான்.

அப்புறம் இடம். உங்கள் வீட்டில் மத்தியானத்துக்கு மேல் வெயில் விழுகிற சுவர் எது? ஒரு நாள் சூரியன் இறங்கின பிறகு போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் அந்தச் சுவரடிதான் தக்காளிக்கும் மிளகாய்க்கும். பகலில் வாங்கின சூட்டைச் சுவர் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக விடும், நமக்குத் தேவையானதும் ராத்திரிச் சூடுதான். அந்த இடத்தில் மட்டும் வைக்கோல் மூடாக்கு போடாதீர்கள். வைக்கோல் மண்ணைக் குளிர்ச்சியாக வைத்துவிடும். கருங்கல்லையோ கூழாங்கல்லையோ பரப்புங்கள். வேறெங்கே வேண்டுமானாலும் மூடாக்கு போடலாம்.

வெண்டையை விட்டுவிடுங்கள். மண் 18 டிகிரி கூட இல்லாத இடத்தில் அது முளைக்கவே திணறும், முளைத்தாலும் இப்போது நிற்கிற மாதிரியே நிற்கும். கத்தரி மேல் அவ்வளவு ஆசை என்றால் சின்னக் காய் ரகம் ஒன்றைக் கறுப்புத் தொட்டியில் அதே சுவரடியில் வையுங்கள், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நம் மாதிரி இடத்தில் இருப்பவர்கள் வெயில் பயிரோடு மல்லுக்கட்டியே சலித்துப்போகிறார்கள். வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது: வருஷம் முழுக்க 8லிருந்து 20 டிகிரிக்குள் ஓடுகிற ஒரு தோட்டம். முட்டைக்கோஸின் காட்டு மூதாதை ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளில் இன்றும் வளர்கிறது. பீட்ரூட்டின் காட்டு மூதாதையும் கடற்கரைச் செடிதான். இந்த ரெண்டு குடும்பமும் நம் காற்றையும் மூடுபனியையும் விரும்புகிறவை. முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி, காலிஃபிளவர், நூக்கல், பீட்ரூட், பாலக், சுவிஸ் சார்டு, பட்டாணி, லெட்யூஸ், லீக்ஸ் என்று எதை வேண்டுமானாலும் எடுங்கள். கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிற தோட்டக்காரருக்கு லெட்யூஸ் வசந்தத்தில் கொஞ்ச நாள், இலையுதிர் காலத்தில் கொஞ்ச நாள். நடுவில் வெயில் வந்தால் தண்டு நீண்டு பூத்துக் கசந்துபோகும். நான் நடுக்கோடையில் லெட்யூஸ் அறுக்கிறேன். ப்ரோக்கோலியில் நடுத்தலையை வெட்டின பிறகு செடியைப் பிடுங்காதீர்கள். வெட்டை நேராக விடாமல் சரிவாக வெட்டுங்கள், மூடுபனித் தண்ணீர் தேங்கித் தண்டு அழுகாது. கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் விரல் நீளத்துக்குக் கிளைத்தலை வரும். வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கும், நம் குளிர்ச்சியில் அது மாதக்கணக்கில் நடக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெங்காயம், முட்டைக்கோஸ் இரண்டையும் குளிர்காலத்துக்கு முன்னால் ரொம்பப் பெரிய நாற்றாக நடாதீர்கள். பென்சில் கனத்தைத் தாண்டின நாற்று சில வாரம் 10 டிகிரிக்குக் கீழே நின்றால், குளிர்காலம் கடந்துவிட்டது என்று எண்ணி வசந்தத்தில் பூத்தண்டு விட்டுவிடும். சின்ன நாற்றுக்கு அந்தக் குளிர் உறைக்காது.

சுக்கினி இலையில் இருப்பது சாம்பல் நோய். மற்றப் பூஞ்சைகள் பலவற்றுக்கு இலை நனைந்திருக்க வேண்டும், இதற்கு அது தேவையில்லை, காற்றில் ஈரமும் மிதமான சூடும் போதும். அதனால்தான் மழையே இல்லாத கடலோரக் கோடையிலும் வருகிறது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை இலையின் ரெண்டு பக்கமும் தெளியுங்கள், வெயில் இருக்கிற நேரத்தில். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் சுக்கினியிலேயே சோதித்து 1999ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஏற்கெனவே முழுசாக வெளுத்த அடியிலைகளை வெட்டி எடுத்துவிட்டுத் தெளியுங்கள்.

பசுமைக்குடில் வேண்டாம் என்பது என் கருத்து. மூடுபனி ஊரில் மூடின குடிலுக்குள் சுவரெல்லாம் தண்ணீர் வழியும், சாம்பல் பூசணம் (சுக்கினியின் சாம்பல் நோய் இல்லை, இது வேறு பூஞ்சை) குடியேறும். காற்று போக வர வசதி இல்லாவிட்டால் தக்காளியைப் பின் கருகல் நோய்க்கு நீங்களே கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்த நோய்க்கு 15லிருந்து 20 டிகிரியும், இலைமேல் பல மணி நேரம் ஈரமும்தான் வேண்டும். 1845ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது அதேதான். தக்காளிக்கு மேலே மட்டும் ஒரு கண்ணாடியோ பாலிதீன் கூரையோ போட்டு, பக்கமெல்லாம் திறந்து விடுங்கள். இலை நனையாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மணல்வாசி:

கீரை அக்கா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பீன்ஸைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கடலைப் பார்த்த பக்கம் ஓரம் கருகுவது உப்பு. காற்று கொண்டுவருகிற நுண்ணிய உப்புத்துளி இலைமேல் படிந்து, ஓரத்தில் சேர்ந்து கருக்குகிறது.

எந்தப் பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று மாஸ், ஹாஃப்மன் என்ற இரண்டு பேர் 1977ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள், இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். மண்ணின் உப்பை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் (மின்கடத்தும் திறனின் அலகு) என்று அளப்பார்கள். பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெரி மூன்றுக்கும் 1ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளிக்கு 2.5, பீட்ரூட்டுக்கு 4. இது மண்ணில் உள்ள உப்புக்கான கணக்கு, இலைமேல் படிவதற்கு இல்லை. இருந்தாலும் கடல் பக்கத்து முதல் வரிசையில் பீட்ரூட்டையும் பாலக்கையும் போட்டு, பீன்ஸையும் ஸ்ட்ராபெரியையும் வீட்டு மறைவுக்குள் தள்ளிவிட இதுவே போதுமான காரணம்.

காற்றுத் தடுப்புக்குச் சுவர் எழுப்பாதீர்கள். முட்டின காற்று மேலே ஏறி, சுவருக்குப் பின்னால் சுழன்று விழும். செடி இன்னும் மோசமாக அடிபடும். பாதிக் காற்றை உள்ளே விடுகிற வலையோ, இடைவெளி விட்டு அடித்த மரப்பட்டையோ, உயிர்வேலியோதான் நல்லது. தடுப்பின் உயரத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் குறையும். ஆளுயர வலை கட்டினாலே சின்னத் தோட்டம் முழுக்க அடங்கிவிடும். பலமாகக் காற்றடித்த மறுநாள் காலை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

மண்ணில் உப்பு ஏறியிருந்தால் மணல் உங்களுக்கு நண்பன். ஓர் அடி ஆழத்து மண்ணுக்கு அரையடி உயரத் தண்ணீரை மெதுவாக இறக்கினால் ஏறக்குறைய பாதி உப்பு கீழே போய்விடும். ஆனால் உப்போடு சேர்ந்து சத்தும் போகும். அதனால் மணலில் உரத்தை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், மக்கின தொழு உரத்தை ஒவ்வொரு பருவமும் சேருங்கள்.

புதுப்பாத்தி:

ரொம்ப நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று சாயங்காலம் சுவர்களைத் தொட்டுப் பார்த்தேன். சமையலறைப் பக்கச் சுவர் இருட்டின பிறகும் கதகதப்பாக இருக்கிறது, ஆச்சரியமாக இருந்தது. ரெண்டு கேள்வி. கரையில் ஒதுங்குகிற கடல்பாசியைத் தோட்டத்தில் போடலாமா, உப்பு ஏறாதா? அப்புறம் அந்த ஆப்பிள் மரத்தை வெட்டிவிடலாமா? அந்த இடத்தில் என்ன பழம் வைக்கலாம்?

மணல்வாசி:

பாசி போடலாம். முதலில் உங்கள் கரையில் பாசி அள்ள அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாறையைப் பற்றிக்கொண்டு நிற்பதைப் பிடுங்காதீர்கள், ஒதுங்கிக் கிடப்பதை மட்டும் எடுங்கள். ஒரு மழைக்குப் போட்டுவைத்தாலோ குழாய்த் தண்ணீரில் அலசினாலோ மேலே உள்ள உப்பு போய்விடும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய உண்டு, சீக்கிரம் மக்கும். பீட்ரூட், முட்டைக்கோஸ் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். ஸ்ட்ராபெரி பக்கம் வேண்டாம்.

கடலோரக்கீரை:

ஆப்பிளை வெட்டாதீர்கள்! மரத்தின் மேல் தப்பில்லை. ஆப்பிள் குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டிய மரம். 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைத் தனக்குள் கணக்கு வைத்திருக்கும். பழைய ரகங்கள் பலவற்றுக்கு 800, 1000 மணி நேரம் வேண்டும். உங்கள் குளிர்காலத்தில் ராத்திரியே 7, 8தான் என்கிறீர்கள். அந்தக் கணக்கு நிறையாததால் மரம் அரைத்தூக்கத்திலேயே எழுந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கிறது.

குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்கள் உண்டு. ‘அன்னா’ இஸ்ரேலில் உருவானது; ‘டார்செட் கோல்டன்’ பஹாமாஸ் தீவில் கிடைத்தது, அங்கே குளிர் என்று பெரிதாக ஒன்றுமே கிடையாது. ரெண்டும் ஒரே சமயத்தில் பூக்கும், ஒன்றுக்கு மற்றதன் மகரந்தம் உதவும். உங்களிடம் நன்றாக வேர் பிடித்த மரம் இருக்கிறதே, புது மரம் எதற்கு? குளிர்காலக் கடைசியில், மொட்டு விரியும் முன் ஒரு கிளையில் அன்னாவையும் இன்னொன்றில் டார்செட் கோல்டனையும் ஒட்டுக் கட்டுங்கள். ஒரு மரத்திலேயே ஜோடி அமைந்துவிடும்.

மற்றப் பழங்களுக்கும் இதே இரண்டு கேள்விதான்: எவ்வளவு குளிர் கேட்கிறது, பழுக்க எவ்வளவு வெப்பம் கேட்கிறது? எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் ‘லெமன்’ என்கிற பெரிய மஞ்சள் எலுமிச்சைக்குத்தான் வெப்பம் குறைவாகப் போதும், அதனால் கடலோரத்திலும் குறையில்லாமல் வரும். பம்பளிமாசுக்கு நிறைய வேண்டும். உங்களிடம் தோல் தடித்துப் புளிப்பாகவே நிற்கும். அத்திக்குக் குளிர் அதிகம் வேண்டாம், ஆனால் பழுக்க வெயில் வேண்டும், ஆகவே தக்காளிக்குப் பக்கத்தில் சுவரடியில் வையுங்கள். ஊதா பேஷன் ஃப்ரூட், ஃபெய்ஜோவா (கொய்யாவின் உறவு), மரத்தக்காளி மூன்றும் உறைபனி இல்லாத குளிர்ந்த இடத்துக்கென்றே பிறந்தவை. மரத்தக்காளிக்கு வேர் மேலாக ஓடும், கிளை முறிகிற ஜாதி. மணல்வாசி சொன்ன தடுப்புக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் நான் செரிமோயாவைச் சொல்வேன். சீத்தாவின் உறவு, ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்குகளின் மரம்; வெயிலும் பிடிக்காது, உறைபனியும் பிடிக்காது. நம்முடைய 20 டிகிரியை அப்படியே ஏற்றுக்கொள்கிற பழமரம் அதைவிட வேறு எனக்குத் தெரியாது. ஆனால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அதன் பூ முதல் நாள் பெண்ணாகத் திறக்கும், சதைப்பற்றான மூன்று இதழும் லேசாக மட்டும் விலகியிருக்கும். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அதே பூ ஆணாக மாறி, இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிர்க்கும். அந்த நேரத்தில் விரிந்த பூவுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவைப் பிடித்து, மென்மையான தூரிகையால் தட்டிச் சேகரியுங்கள். அப்போதே பெண் நிலையில் இருக்கும் பூ கிடைத்தால் சரி. இல்லையென்றால் டப்பாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் காலை எடுங்கள். லேசாகத் திறந்த பூவின் இதழ்களை ரெண்டு விரலால் விலக்கி, உள்ளே இருக்கும் சின்னக் கூம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் தூரிகையைச் சுழற்ற வேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் பழம் அந்தப் பக்கம் வளராமல் கோணலாக வரும்.

கன்று வாங்கும்போது ஒட்டுக்கன்றா என்று கேட்டு வாங்குங்கள், விதைக்கன்று காய்க்க வருஷங்கள் ஆகும். ஒட்டுக் கட்டுவதற்கான அன்னா குச்சிகளைக் குளிர்காலத்திலேயே தேடி வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளோ வேறு பழங்களோ அதே பெட்டியில் இருக்கக் கூடாது, அவை விடுகிற எத்திலீன் வாயு குச்சியின் மொட்டைக் கெடுத்துவிடும். கட்டும் சமயம் வந்ததும் இங்கேயே கேளுங்கள், எப்படிச் சீவுவது என்று படம் போட்டுக் காட்டுகிறேன்.